வளைவில் திரும்பாத கார்

என் மகன் தயாளனுக்கு,

குவைத்துக்கு விசா வந்துவிட்டது என்று ஹட்டனிலிருந்து நீ ஓடிவந்து சொன்ன அன்றிலிருந்து இதை வாயால் சொல்லிவிடப் பார்க்கிறேன். முடியவில்லை. அப்பாவின் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறாய். போகாமல் இருந்தாலும், அறைகள் வரிசையாக ஒட்டியிருக்கிற நம் லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அங்கே எதை மனம்விட்டுப் பேசுவது? கலவரம் என்று ஊரடங்கு போட்டால் பஸ் நின்றுவிடும், அதற்குள் கொழும்புக்குப் போய்விட வேண்டும் என்று நீ அவசரப்படுகிறாய். அதனால், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில், குழந்தைகள் தூங்குகிற மத்தியான வேளைகளில், ஒரு தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். குவைத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு படி. நீ அங்கே லொறி ஓட்டப் போகிறாய். உன் அப்பாவும் லொறி ஓட்டியவர். நீ பாடுபட்டுச் சரிசெய்த விளையாட்டுக் காரை அவர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார் என்று இத்தனை வருடமாக நீ மனதில் வைத்திருக்கிறாயே, அது அப்படி இல்லை.

லொறி விழுந்த அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். அன்று விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு உர மூட்டை போக வேண்டும், தேயிலைக் கன்றுகள் போக வேண்டும், கொழுந்து பறிக்கப் பெண்களும் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே லொறி. மேலே போனதும் மூட்டைகளைச் சட்டென்று உருட்டிவிடலாம் என்று அவற்றைப் பின்பக்கமாகவே அடுக்கச் சொன்னார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. கன்றுகளை முன்பக்கம் வைத்தார்கள். கன்றுக்கு என்ன கனம் இருக்கப்போகிறது? பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மூட்டைகளின் மேலே ஏறி உட்கார்ந்தார்கள். மேல் லயத்துக்கு ஏறுகிற கடைசி வளைவில் லொறி திரும்பவில்லை. நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். அதில் ஒருத்தி ரோசம்மா, சூசை மாமாவின் பெண்சாதி. அவர்கள் மகள் பிலோமினா அப்போது பால்குடி மறக்காத குழந்தை.

அப்பாவின் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத மனிதராகத் திரும்பி வந்தார். விசாரணையில் டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். மூட்டைகளை எப்படி அடுக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. 'நீங்க வாயத் தொறந்து சொல்லுங்களேன்' என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். புரண்டு படுக்க முடியாது, கழுத்தைத்தான் திருப்புவார், பாவம். லயத்தில் நம்மோடு பேச்சுவார்த்தை குறைந்துபோனது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் நான் குடத்தோடு போய் நின்றால், அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் சூசை மாமா பிலோவைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். அவள் தாயை ஏற்றிக்கொண்டு போனவரின் பெண்சாதி கையில்தான் அவளைக் கொடுத்துவிட்டு அவர் மலைக்கு வேலைக்குப் போக வேண்டும், வேறு வழியில்லை. முன்பெல்லாம் என்னை 'அண்ணி' என்று கூப்பிடுவார். லொறி விழுந்த பிறகு ஒன்றும் கூப்பிடுவதில்லை. பிள்ளையைக் கொடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த உன் சின்ன அத்தை லீவில் வந்தபோதுதான் அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தது. அந்த வீட்டுப் பையன் விளையாடிச் சலித்துக் கழித்துவிட்ட சாமான். கம்பி இல்லாமல், ஒரு பெட்டியில் இருக்கிற இரண்டு கம்புகளை அசைத்தால் தூரத்தில் கார் ஓடும், திரும்பும். லயமே கூடிவந்து பார்த்தது. அன்று ஒரு நாள்தான் நம் வாசலில் கூட்டம். அந்தக் கார் அங்கே பளிங்குத் தரையில் ஓடியிருக்கும். நம் வாசலில் சரளைக்கல்லும் சேறும். நேரே விட்டால் இடது பக்கம் இழுத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழும். திருப்பினால் குடை சாயும். மேலே ஏற விட்டால் வழுக்கும். நீ சேற்றிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி எடுத்து, கடைசியில் அழுதுவிட்டாய். கதவோரம் கட்டிலில் கிடந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

'டேய், அதக் கொண்டா இங்க' என்றார். அவர் தானாக ஒருவரைக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நீ பயந்து பயந்து கொண்டுபோய்க் கொடுத்தாய். காரை மல்லாத்தி, முன் சக்கரங்களை விரலால் அசைத்துப் பார்த்தார். 'ஸ்டியரிங் கம்பி வளஞ்சிருக்கு. இதோட எங்க நேரா போறது?' என்றார். நீ, 'இல்லப்பா, வேகம் பத்தாது, பெட்டரி போட்டா சரியாயிரும்' என்று வாதாடினாய். அன்று தொடங்கியது உங்கள் இரண்டு பேர் சண்டை. உனக்கு வேகம் வேண்டும். அவருக்குப் பிடிமானம் வேண்டும். அவர் கம்பியை நிமிர்த்தினார், கார் நேரே போனது. நீ சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிச் சக்கரங்களுக்கு மாட்டினாய், வழுக்குவது நின்றது. ஆனால் பிடிமானம் கூடினதும் வளைவில் முன்னைவிட மோசமாக உருண்டது. அதற்கு நீ சொன்ன காரணம் ஒன்று, அவர் சொன்ன காரணம் ஒன்று. இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் அடுப்பில் இருந்த ரொட்டி கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நீ சொன்னபடி சக்கரங்களுக்கு உள்ளே வாசர் வளையம் போட்டு இடைவெளியை அகலப்படுத்தினீர்கள். அவர் சொன்னபடி முதுகில் இருந்த பேட்டரிப் பெட்டியைக் கழற்றி வயிற்றுக்கு அடியில், கொஞ்சம் முன்தள்ளி, கம்பியால் கட்டினீர்கள். தீர்ந்துபோன பேட்டரிகளை அடுப்போரம் வைத்துச் சூடாக்கி நீ போட்டாய். கார் வாசலைச் சுற்றி வந்தது. உருளவில்லை. அப்பா சிரித்தார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். சில நாட்கள் கழித்து அவர் உன்னிடம் ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னார், நினைவிருக்கிறதா? காரின் பின்பக்கம் வைத்துக் கட்டச் சொன்னார். 'இப்பதான் நல்லா ஓடுது, ஏம்ப்பா கெடுக்கிறீங்க?' என்று நீ கோபப்பட்டாய். 'கட்டுடா' என்றார். மேல் லயத்துப் பாதையில், நம் வாசலிலிருந்து தெரிகிற அந்த ஏற்றத்து வளைவுக்குக் காரை ஓட்டினார். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேரே போய்ப் புல்லில் விழுந்தது. மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது. கல்லை முன்பக்கம் மாற்றிக் கட்டச் சொன்னார். திரும்பியது. பின்னால் வைத்தார், விழுந்தது. அன்று பூராவும் இதைத்தான் செய்தார். அவருக்கு விளையாட்டு, உனக்கு எரிச்சல் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, 'பாத்தியா புள்ள? பின்னுக்குக் கனம். ஏத்தத்துல முன்னுக்குத் தூக்கிருது. ஸ்டியரிங்க என்னா ஒடிச்சாலும் வீல் தரையில இல்ல' என்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவர் கார் ஓட்டவில்லை. அந்த லொறியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

'சூசையக் கூட்டிக்கிட்டு வா. அவன் பாக்கணும்' என்றார்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. இதைப் பார்த்தால் என் புருசன் மேல் குற்றமில்லை என்று அந்த மனிதருக்குத் தெரிந்துவிடும், பிறகு லயத்துக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பிலோவைக் கூட்டிப்போக வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன். 'எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம்' என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் விடவில்லை. போகும்போதும் வரும்போதும் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு, பிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நீ அன்று வளைவில் நின்றாய். கார் விழும்போது எடுத்து நேராக்கி வைப்பது உன் வேலை. அதனால் இங்கே பேசியது உன் காதில் விழவில்லை. கல்லைப் பின்னால் கட்டி ஒருமுறை, முன்னால் கட்டி ஒருமுறை, அப்பா ஓட்டிக் காட்டினார். ஏன் விழுகிறது, ஏன் திரும்புகிறது என்று நிதானமாகச் சொன்னார். சூசை மாமா கார் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தயா. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

'இது ஒங்களுக்கு அன்னைக்குத் தெரியாதா, டைவரு?'

அப்பா ரிமோட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். நான் மனதுக்குள், தெரியாது என்று சொல்லுங்கள், தெரியாது என்று சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

'தெரிஞ்சிச்சு சூசை' என்றார். 'மொத வளைவிலேயே தெரிஞ்சிச்சு. ஸ்டியரிங் காத்துல சுத்துற மாதிரி இருந்திச்சு. எப்படியோ திரும்பிருச்சு.'

'அப்ப நிப்பாட்டி இருக்கலாமே? பொம்பளைங்கள எறக்கிட்டு, மூட்டைய முன்னுக்குத் தள்ளியிருக்கலாமே?'

'இருக்கலாம். மழை அடிச்சு ஊத்துச்சு. நேரமாச்சுன்னு கண்டாக்கையா கெளம்பும்போதே சத்தம் போட்டிருந்தாரு. எறங்கச் சொன்னா அவங்க நனஞ்சிருவாங்களேன்னும் நெனச்சேன். இன்னும் ரெண்டு வளைவுதானே, போயிரலாம்னு போயிட்டேன்.'

பிலோ அவர் சட்டைப் பையை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கையை எடுத்துவிட்டுச் சூசை மாமா கேட்டார்: 'பின்னுக்கு அவ பேசுறது ஏதாச்சும் கேட்டிச்சா?'

'எல்லாரும் சிரிச்சாங்க. யாரோ வழுக்கி விழுந்திருப்பாங்க போல. ரோசம்மா சிரிப்பு கேட்டிச்சு. தனியாத் தெரியுமே அது.'

'ஆமா' என்றார் சூசை மாமா. 'தனியாத் தெரியும்.' பிறகு, 'இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நீ காரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, 'சூசை மாமா என்னாப்பா சொன்னாரு? நல்லா ஓடுதுன்னு சொன்னாரா?' என்று கேட்டாய். அப்பா ரிமோட்டை உன்னிடம் நீட்டினார். 'இனி எனக்கு வேணாம், எடுத்துக்கிட்டுப் போ' என்றார். அவ்வளவுதான் உனக்குத் தெரியும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நீ கெஞ்சினாய். கல்லை எடுத்துவிட்டேன், ஸ்பிரிங்கைச் சரிசெய்துவிட்டேன், ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றாய். அவர் வேண்டாம் என்றார். ஒருநாள் ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்தாய். 'நான் செஞ்சது ஒங்களுக்கு எதுவுமே புடிக்காது' என்று கத்தினாய். அதற்குப் பிறகு அவரோடு நீ சரியாகப் பேசவே இல்லை. நான் உண்மையைச் சொல்லப் போனபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். 'வேணாம் புள்ள. அவன் என்கிட்ட கோவமா இருந்துட்டுப் போகட்டும். வெக்கப்பட வேணாம்' என்றார். நீ செய்தது அவருக்குப் பிடிக்காமல் இல்லை. வாசரைப் போட்டு அகலமாக்கியது உன் யோசனை என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்! 'எனக்கு அது தோணவே இல்ல புள்ள' என்பார்.

நான் அப்போது சூசை மாமாவைத்தான் நினைத்துப் பயந்தேன். மறுநாள் அவர் பிலோவைக் கொண்டுவரவில்லை. தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அப்பா சொன்னதை லயத்தில் சொல்லிவிடுவார், நம்மைக் காம்பராவை விட்டே விரட்டிவிடுவார்கள் என்று நினைத்து, எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்களைப் போல நாமும் பேர் கொடுத்துப் போயிருந்தால் இந்தப் பாடு இல்லையே என்றுகூட எண்ணினேன். ஆனால் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலையில் பிலோவோடு வந்து என் முன்னால் நின்றார். 'ராத்திரியில இருமுறா. சுடுதண்ணி குடுங்க, அண்ணி' என்றார்.

பிறகு ஒருநாள், நல்ல மழைக்காலம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பெரட்டுக்களத்தைக் கடந்து போனேன்; காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம் உனக்குத் தெரியாததா? புது டிரைவர் லொறியை நிறுத்தியிருந்தான். பின்பக்கம் பூராவும் உர மூட்டை. மேலே பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். 'ஏறுங்க, ஏறுங்க, வெளையாட்டு வேணாம்' என்று கண்டாக்கையா குடைக்குள் நின்று சத்தம் போட்டார். சூசை மாமா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு லொறிக்கு முன்னால் போய் நின்றார்.

'பொம்பளைங்க எறங்கட்டும். மூட்டைய முன்னுக்குத் தள்ளுங்க' என்றார்.

'நீ யாருடா அதச் சொல்ல?'

'இப்படி அடுக்குனா மேல் வளைவுல முன் வீல் தரைய விட்டுரும்யா. லொறி திரும்பாது.'

'ஒனக்கு யாரு சொன்னா? நீ என்னா டைவரா?'

'அன்னைக்கு ஓட்டுனவரே சொன்னாரு' என்றார் சூசை மாமா. 'நான் நகர மாட்டேன். வேணும்னா என் மேல ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க.'

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை அந்த மனிதரின் தலையில் கொட்டியது. புது டிரைவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவரைப் பார்த்தான். பிறகு எஞ்சினை நிறுத்தினான். ஒரு பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மேல் டிவிசனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். சூசை மாமாவுக்கு வேலையை நிறுத்திவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்மார் போய்ப் பேசித் திரும்ப வேலை கிடைக்கும்வரை பிலோ நம் வீட்டில்தான் சாப்பிட்டாள். அது ஏன் என்று நீ அப்போது கேட்கவில்லை. உன் கோபத்தில் நீ இருந்தாய்.

நான் ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அப்போதே அவருக்கு முதுகுப் புண் பழுத்து, காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

'எறங்குனாங்களா?' என்றார்.

'எல்லாரும் எறங்கிட்டாங்க. நடந்து போறாங்க.'

'மழையிலயா?'

'மழையிலதாங்க. நல்லா நனஞ்சு போனாங்க.'

'நனையட்டும்' என்றார். 'நனையட்டும் புள்ள. அடுப்புக்கிட்ட ஒக்காந்தா காஞ்சிரும்.' அதைச் சொல்லிவிட்டு அழுதார். லொறி விழுந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். பாடையின் முன்பக்கம் யார் தோள் கொடுத்தது என்று உனக்குத் தெரியும். நீ ஒரு பக்கம், சூசை மாமா ஒரு பக்கம். அவர் ஏன் வந்தார் என்று லயத்தில் பலருக்கு ஆச்சரியம். உனக்கும்தான்.

இதை இப்போது சொன்னது உன் அப்பா நல்லவரா கெட்டவரா என்று நீ முடிவு செய்வதற்காக அல்ல. நானே முடிவு செய்யவில்லை. இத்தனை வருடமாக அவருக்காக அழுகிறேன், அதே கண்ணால் ரோசம்மாவுக்காகவும் அழுகிறேன். அவர் குடிக்காதவர், நிதானமானவர், வண்டியைத் தன் உடம்புபோல அறிந்தவர். அவர் கையே அவருக்குச் சொன்னது. ஒருவர் சத்தம் போட்டதற்காகவும், நான்கு பேர் நனையக் கூடாது என்பதற்காகவும் அவர் அதைக் கேட்காமல் விட்டார். பயம் பாதி, இரக்கம் பாதி. உனக்கும் அதே கைதான் வாய்த்திருக்கிறது, தயா. அந்தச் சின்னக் காரில் என்ன கோளாறு என்று தொட்டுப் பார்த்தே சொல்லுவாய். அது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அங்கே உனக்குப் புரியாத பாஷையில் ஒருவன் கத்துவான். சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்துவான். உன்னோடு வந்த ஆட்கள் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பார்கள், வெயிலில் இறங்க முடியாது என்று முனகுவார்கள். அப்போது ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போலக் கையில் லேசாகத் தெரிந்தால் வண்டியை நிறுத்து. எல்லோரையும் இறக்கு. யார் முகத்தையும் பார்க்காதே. அதற்காக அவர்கள் உன்னை வேலையை விட்டு அனுப்பினால் அடுத்த ப்ளேனில் ஏறி வந்துவிடு. வாங்கிய கடன், கட்டிய ஏஜென்சிக் காசு எதையும் யோசிக்காதே. ஏன் வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன். லயத்தில் யாராவது கேட்டால் சூசை மாமா பதில் சொல்லுவார்.

உன் அம்மா